விலையைக் குறைத்தா யூனிக்லோ வளர்ந்தது?

அந்தத் தொழில்முனைவோர் கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "யூனிக்லோ எப்படி வளர்ந்தது? விலையைக் குறைத்தது, உலகத்தைப் பிடித்தது, நீங்களும் குறையுங்கள்" என்று பேச்சாளர் முழங்க, அரங்கமே கைதட்டுகிறது. கைதட்டியவர்களில் பெரும்பாலோர் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. யூனிக்லோ என்ற அந்த ஜப்பானிய ஆடை நிறுவனம் விலையைக் குறைத்ததால் வளரவில்லை. விலையை மட்டும் குறைத்திருந்த காலத்தில் அதற்குக் கெட்ட பெயர்தான் கிடைத்தது.

யமகுச்சி மாநிலத்தின் ஊபே நகரில் தந்தை நடத்திய ஆண்கள் ஆடைக்கடையை நம்பித் தொழிலுக்கு வந்தவர் யூனிக்லோவைத் தொடங்கிய தடாஷி யனாய். 1984-இல் ஹிரோஷிமாவில் முதல் யூனிக்லோ கடையைக் காலை ஆறு மணிக்கே திறந்தபோது, அங்கே விற்றது பெரும்பாலும் பிறரிடம் வாங்கி அடுக்கிய மலிவுத் துணி. கூட்டம் வந்தது, கடைகள் பெருகின. ஆனால் 1995-இல் அந்த நிறுவனம் என்ன விளம்பரம் செய்தது தெரியுமா? எங்களைப் பற்றிக் குறை சொல்லுங்கள், பத்து லட்சம் யென் பரிசு தருகிறோம் என்றது. வந்து குவிந்த ஆயிரக்கணக்கான கடிதங்களில் பெரும்பாலானவை தரத்தைப் பற்றிய புகார்கள். மலிவு என்ற ஒன்றே போதுமென்றால், நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு கடைக்கு இந்த வேலை எதற்கு?

1998-இல் டோக்கியோவின் ஹராஜுகுவில் கடை திறந்து 1,900 யென்னுக்கு பிளீஸ் என்ற, கம்பளிபோல் மென்மையான செயற்கை இழை மேல்சட்டை விற்ற கதையைப் பேச்சாளரும் சொன்னார். 2000-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2 கோடியே 60 லட்சம் பிளீஸ் விற்றதாகக் கணக்கு. அந்த விலை எப்படிச் சாத்தியமானது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. வடிவமைப்பு முதல் விற்பனை வரை நிறுவனமே திட்டமிட்டது. வகைகளைக் குறைத்து, ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கையைப் பெருக்கியது. நூற்பிலும் சாயத்திலும் தையலிலும் பல்லாண்டு தேர்ந்த ஜப்பானிய முதுநிலைக் கைவினைஞர்களைச் சீனத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, அங்கிருந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. பின்னாளில், இழை தயாரிக்கும் டோரே என்ற ஜப்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து இழையிலிருந்தே வேலை செய்ததன் பலன் 2003-இல் வந்த ஹீட்டெக் என்ற, குளிரைத் தாங்கும் உள்ளாடை. 2006-இல் அந்த உறவு நீண்டகால ஒப்பந்தமாகவே ஆனது. விலையைக் குறைவாக வைத்திருக்க முடிந்தது இப்படிப்பட்ட வேலைகளால்தான். நம் பேச்சாளரோ விலையிலிருந்தே தொடங்கச் சொல்கிறார்.

இதை ஏன் இவ்வளவு வேதனையோடு எழுதுகிறேன் என்றால், நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருந்தவன். ஆடைகளை மொத்தமாக வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் சாம்பிளுக்கு ஒப்புதல் தந்து, நூல் வாங்கி, துணி சாயமேறி, கட்டிங் மேசைக்கு வந்த பிறகு, சீசன் முடிந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சலில் ஆர்டரை ரத்து செய்தார். அதற்கு முன்பு ஒரு பீஸுக்கு நாலணா எட்டணா என்று விலையைக் குறைக்கச் சொல்லி மூன்று முறை பேரம் பேசியவரும் அவரேதான். முதலாளி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார். அந்த வாரச் சம்பளத்துக்காக வாசலில் நின்ற தையல்கார அக்காமார்களிடம் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அவர்களில் ஒருவர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்படியானால் யூனிக்லோ மட்டும் புனிதமா?" என்று கேட்க ஆள் வருவார்கள் என்று தெரியும். இல்லை. 2015-இல் அதற்குத் தயாரித்துக் கொடுத்த சீனத் தொழிற்சாலைகளில் கடும் வெப்பமும் அளவுமீறிய வேலைநேரமும் இருப்பதாக ஹாங்காங் தொழிலாளர் அமைப்பு ஒன்று அறிக்கை வெளியிட்டது. சில குறைகள் இருப்பதை நிறுவனமும் ஏற்றது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில் யூனிக்லோவுக்கும் தைத்துக் கொடுத்த ஒரு தொழிற்சாலை மூடியபோது, நிலுவைத் தொகை கேட்டு அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். சட்டப்படி தனக்குப் பொறுப்பில்லை என்றது நிறுவனம். அந்தப் பதிலை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் இந்தக் கறைகளும் என் பேச்சுக்கே வலுச் சேர்க்கின்றன. உலகத்தரம் பேசும் நிறுவனத்தின் சங்கிலியிலேயே இப்படி நடக்கிறது என்றால், தரமும் இல்லாமல் திட்டமும் இல்லாமல் விலையை மட்டும் குறைக்கும் இடத்தில் என்ன நடக்கும்?

"தொழில் செய்யத் துணிபவனைச் சோர்வடைய வைக்காதே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சோர்வடைய வைப்பது நானா? 2001-இல் லண்டனில் கடை திறந்து வேகவேகமாக இருபத்தொன்று வரை பெருக்கி, பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றை மூடியது இதே யூனிக்லோ. 2002-இல் காய்கறி விற்பனையில் இறங்கி, இரண்டே ஆண்டில் கைவிட்டது. 2005-இல் நியூஜெர்சியில் திறந்த கடைகளும் நிலைக்கவில்லை. பிளீஸ் மோகம் வடிந்ததும் ஜப்பானிலேயே விற்பனை சரிந்தது. அந்தச் சரிவுகளைத் தாங்கி நின்றதால்தான் யூனிக்லோவின் தாய் நிறுவனமான ஃபாஸ்ட் ரீடெய்லிங் 2024 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் 3 லட்சம் கோடி யென் விற்பனையைத் தாண்டியது. தோல்விகளைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் விற்பவர், நாளை கடனில் விழுபவனுக்கு என்ன ஆறுதல் சொல்வார்? அவன் கனவு போதவில்லை என்பாரா?

ஜப்பானியரின் ஒழுக்கம் நமக்கு வராது என்று பின்னூட்டம் போட்டவருக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு ஒழுக்கத்தைப் பற்றி எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவளுக்கு இல்லாதது ஆண்டு முழுவதும் உறுதியான ஆர்டர். கேட்ட விலையைக் கொடுத்து, கொடுத்த வாக்கைக் காக்கும் பையர்.

பனியன் கம்பெனி நடத்தும் நண்பர்களே, அடுத்த மாதமும் அதே பேச்சாளர் வருகிறாராம். நூல் விலை உங்கள் கையில் இல்லை, மின்கட்டணம் உங்கள் கையில் இல்லை, சாயப்பட்டறைக் கட்டணமும் இல்லை. விலையைக் குறைக்கச் சொல்பவரிடம், எந்தச் செலவைக் குறைப்பது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தையல் கூலியை என்று அவர் சொன்னால், அதை அந்த மேடையிலிருந்தே, அந்தப் பெண்களையும் அரங்கில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள்.