நிறுத்தினால் நிற்கிறது, தொடரச் சொன்னால் தெரியாதாம்

கணினி சொல்படி மரம் குடைகிற என் சிஎன்சி மில்லின் வேலையை, திரையில் 81 சதவீதம் என்று காட்டியபோது நிறுத்தினேன். இரவு பதினொரு மணி. வெட்டுகிற கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஒரு பக்கம் ஊளையிட, தூசி உறிஞ்சி இன்னொரு பக்கம் இரைய, வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு என்னைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். நியாயம்தான். சரி, மீதியைக் காலையில் ஓட்டிக்கொள்ளலாம் என்று பாஸ் பட்டனை அமுக்கினேன். அதற்குப் பக்கத்திலேயே தொடர்வதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. இரண்டும் ஜோடி என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

காலையில் வந்து பார்த்தால் கணினி தானாகத் தூங்கிப்போயிருந்தது. எழுப்பினேன். யூஎஸ்பி இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி இணைத்தேன். அவ்வளவுதான், மில்லுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. கட்டர் மரத்துக்குள் மூக்கை விட்டபடி நிற்கிறது, அதன் கணக்கிலோ மூன்று அச்சும் சுழியம்.

ஏன் மறந்தது தெரியுமா? ஆர்டுயினோ ஊனோ என்கிற சிறு கட்டுப்பாட்டு போர்டில், மோட்டார்களை நகர்த்துகிற ஜிஆர்பிஎல் நிரல் ஓடுகிற மில் என்னுடையது. கணினி சீரியல் போர்ட்டை, அதாவது போர்டோடு பேசுகிற வழியை, திறந்த மாத்திரத்தில் அந்த போர்டு ரீசெட் ஆகும். கோளாறு இல்லையாம், வசதியாம். புது நிரல் ஏற்றுவதற்குத் தோதாக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. மேசைமேல் வைத்து எல்இடி மினுக்கிப் பழகுகிறவருக்கு அது வசதிதான். ஐந்து மணி நேரமாக மரம் குடைந்துகொண்டிருக்கிறவன் என்ன செய்வான்?

ஐந்து மணி நேரம் என்றால் சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். கணக்குப் போடுங்கள். 300-க்கு 200 மி.மீ. பலகையில் ஒரு மலைத்தொடர். ஃபினிஷிங்கில், அதாவது கடைசி இழைப்பில், நுனி உருண்ட சிறிய பால் நோஸ் கட்டரை 0.2 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் ஆயிரம் ஓட்டம், ஒவ்வொன்றும் 300 மி.மீ., ஆக 300 மீட்டர். நிமிடத்துக்கு 800 மி.மீ. வேகத்தில் ஆறே கால் மணி நேரம், அதில் 81 சதவீதம்தான் அந்த ஐந்து மணி நேரம். அதற்கு முன் மொத்தமாகக் குடைந்தெடுக்கிற ரஃபிங் தனி. அந்தக் கட்டருக்கும் அந்த லொடலொட மேசைக்கும் அதற்குமேல் வேகம் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை நேரம் ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்த வேண்டி வரும் என்பது யாருக்கும் தோன்றவில்லையா? மின்சாரம் போகும், தூசிக் குழாய் கழன்று விழும், கிளாம்ப் தளரும், மனுஷனுக்குத் தூக்கம் வரும்.

இந்தப் பட்டன் செய்கிற காரியத்தையும் பாருங்கள். சில மென்பொருள்களில் பாஸ் என்றால் போர்டுக்குக் கட்டளை வரிகளை அனுப்புவதை நிறுத்துவது, அவ்வளவே. வந்த வரிகளைத் தேக்கி வைக்கிற போர்டின் சீரியல் பஃபரில் 128 பைட் இருக்கும், அதற்கு அப்பால் வரிசையில் பதினைந்து நகர்வுகள் வரை காத்திருக்கும். அத்தனையும் ஓடி முடிந்த பிறகுதான் மில் நிற்கும். பொடிப்பொடி நகர்வுகள் என்றால் ஓரிரு விநாடி. நீண்ட கோடுகளாக இருந்தால் நாம் பாஸ் அமுக்கிவிட்டு நிமிடக்கணக்கில் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். போர்டையே நிற்கச் சொல்கிற ஃபீட் ஹோல்டு எவ்வளவோ மேல். ஒரே ஓர் ஆச்சரியக்குறி போகும், ஸ்டெப் தவறாமல் வேகத்தைக் குறைத்து அங்கேயே நிற்கும். ஆனால் அங்கேயே என்றால் அங்கேயே! கட்டர் மேலே எழாது, ஸ்பிண்டில் நிற்காது. ஒரே இடத்தில் சுழன்று சுழன்று மரத்தைக் கருக்கும், அக்ரிலிக்கை உருக்கும். போதாக்குறைக்கு, வெட்டும்போது விசையில் சற்றே வளைந்திருந்த கட்டர் நின்றதும் நிமிர்ந்துகொண்டு தன் பங்குக்கு ஒரு தழும்பு வைத்துவிட்டுப் போகும்.

ஸ்பிண்டிலை நிறுத்தி, கட்டரைத் தூக்கி வைத்து, தொடரும்போது மறுபடி சுழலவிட்டு அதே இடத்தில் இறக்குகிற ஏற்பாடு ஜிஆர்பிஎல் 1.1-இல் இருக்கத்தான் இருக்கிறது. பாதுகாப்புக் கதவு, பார்க்கிங் என்று அழகான பெயர்களும் உண்டு. ஆனால் அந்தத் தூக்கி வைக்கிற பகுதியை மூலநிரலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நாமே திறந்து, தொகுத்து, ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு ஹோமிங், அதாவது மில் தானே தன் மூலைக்குப் போய் இடத்தை உறுதி செய்வது, வேறு வேண்டும். ஹோமிங்குக்கு, அச்சின் முனை வந்துவிட்டதைக் காட்டுகிற லிமிட் சுவிட்ச் வேண்டும். என்னுடைய லிமிட் சுவிட்சுகள் ஆறு மாதமாக டப்பாவில் தூங்குகின்றன. அதைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்தக் கோபமும் இந்தப் பதிவில்தான் கலந்திருக்கிறது.

அப்புறம் மென்பொருளில் இருக்கிற அந்த ‘இந்த வரியிலிருந்து தொடங்கு’ வசதி. கோப்பில் நூறாயிரம் வரி. நின்றது எந்த வரியில்? திரை காட்டுவது அனுப்பிய வரியை. கட்டர் நிற்பது அதற்கு இருபது முப்பது வரி பின்னால். சரி, ஐம்பது வரி பின்னே போகிறேன் என்று வையுங்கள். அந்த வரியில் இருப்பது ஓர் எக்ஸ் மதிப்பு மட்டும்! ஒய் என்ன, இசட் என்ன, ஃபீட் (நகரும் வேகம்) என்ன, ஸ்பிண்டில் ஓடுகிறதா, மி.மீ. கணக்கா அங்குலக் கணக்கா, எல்லாம் மேலே எங்கோ ஒருமுறை சொல்லிவிட்டுப் போனது. மில்லுக்கான கட்டளை மொழியான ஜி-கோடு அப்படித்தான், சொன்னதைத் திருப்பிச் சொல்லாது. முன்கதையைப் படித்துப் புரிந்துகொண்டு தொடங்குகிற மென்பொருள் என்றால் பிழைத்தோம். மாக்3 என்கிற மில் மென்பொருளில் அப்படி ஒரு வசதி எப்போதோ வந்துவிட்டது. நான் பயன்படுத்தியது, பெயர் வேண்டாம், அந்த வரியை அப்படியே போர்டுக்குத் தூக்கி எறிகிற ரகம். சுழலாத கட்டரை மரத்துக்குள் குறுக்காக இழுத்துக்கொண்டு போயிற்று. ‘டிக்’ என்று ஒரு சத்தம். கட்டரின் நுனி இன்னும் அந்த மலையில்தான் எங்கோ புதைந்திருக்கிறது. அந்த வரி வட்டவில்லாக இருந்தால் இன்னும் விசேஷம். வில்லின் மையம் தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கப்படுவதால், தொடக்கம் தவறினால் பிழை காட்டிவிட்டு அந்த வரியை ஓட்ட மறுத்துவிடும். அது பரவாயில்லை, குறைந்தபட்சம் மறுக்கிறதே.

பதற்றத்தில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். அது அடுத்த முட்டாள்தனம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். என் லீட் ஸ்க்ரூ (அச்சை நகர்த்துகிற திருகு) சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும், ஆக ஒரு முழு ஸ்டெப் 0.04 மி.மீ. இரண்டு முழு ஸ்டெப்புக்கு நடுவே, மைக்ரோஸ்டெப்பில் பாதியில் நின்ற மோட்டார், மின்சாரம் போனதும் பிடியை விடும். திரும்ப வந்ததும் மோட்டாரை ஓட்டுகிற டிரைவர் தன் தொடக்க நிலைக்கு இழுத்துக்கொள்ளும். இரண்டு முழு ஸ்டெப் வரை, அதாவது 0.08 மி.மீ. வரை நழுவலாம். ஒரு தாளின் கனம்தானே என்பீர்கள். 0.2 மி.மீ. இடைவெளியில் இழைத்த பரப்பில் அதை நகத்தால் தடவினாலே தெரியும். (அணைக்காவிட்டாலும் ஜிஆர்பிஎல்லின் இயல்பு அமைப்புப்படி நின்ற 25 மில்லி விநாடியில் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். அந்த 25-ஐ 255 ஆக்கினால்தான் பிடித்துக்கொண்டே இருக்கும். இதையும் சொல்ல ஆளில்லை.) புதுக் கட்டரை மாட்டி, பலகையின் மூலையில் தாளை வைத்து உரசி உரசி மறுபடி ஜீரோ, அதாவது அளவின் தொடக்கப் புள்ளி, போட்டேன். ஸ்பிண்டில் சூடாக ஓடியபோது வெட்டியது 81 சதவீதம், ஆறிய ஸ்பிண்டிலோடு தொடங்கியது மீதி. இரவில் மரமும் தன் பங்குக்கு அசைந்திருக்கும். மலைத்தொடரின் குறுக்கே நேராக ஒரு கோடு விழுந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் ‘இது என்ன, ரோடா?’ என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இதை எங்கே சொன்னாலும் ஒரு பெரியவர் வந்து ‘நடுவில் நிறுத்தக்கூடாது தம்பி’ என்கிறார். ஐயா, அப்படியானால் அந்தப் பட்டன் எதற்கு? மேசைமேல் கிடக்கிற முப்பரிமாண அச்சுப்பொறியின் மார்லின் நிரலில்கூட மின்சாரம் போனால் மீள்வதற்கு எம்413 என்றொரு கட்டளை இருக்கிறது. அதுவும் பொருளில் ஒரு வடு விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தான் எங்கே விட்டோம் என்று எழுதியாவது வைத்துக்கொள்கிறது. பாஸ் அமுக்கும்போது இருந்த இடம், ஃபீட், ஸ்பிண்டில் வேகம், வரி எண் இவ்வளவையும் கணினியில் ஒரு சிறு கோப்பாக எழுத எத்தனை வரி நிரல் தேவைப்படும்? திரையின் நிறத்தை மாற்ற மட்டும் பதினாறு தீம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் நான் எந்தப் பட்டனையும் நம்புவதில்லை. ஃபினிஷிங்கை ஐந்து பட்டைகளாக வெட்டி ஐந்து கோப்புகளாக எடுக்கிறேன். ஒவ்வொன்றும் முழுத் தலைப்பு வரிகளோடு தொடங்கும், கட்டர் மேலே எழுந்த பிறகு முடியும். பட்டையின் எல்லையை மலை முகட்டிலோ பள்ளத்தாக்கின் அடியிலோ ஒளித்து வைக்கிறேன். பலகையின் ஓரத்தில் வேலைக்கு வெளியே ஒரு சிறு துளை போட்டுக்கொள்கிறேன், மறுபடி ஜீரோ பிடிக்க அதுதான் சாட்சி. கணினி தூங்குவதை முடக்கிவிட்டேன். ஜீரோ எங்கே என்பதைப் பென்சிலால் மேசையிலேயே எழுதி வைக்கிறேன், ஆமாம், பென்சிலால்!

இதை எழுதும்போது புதுப் பலகையில் மூன்றாவது பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் நாற்பது நிமிடம். வெளியே இடி இடிக்கிறது. லிமிட் சுவிட்சுகள் டப்பாவில்தான் இருக்கின்றன.