துணி கட்டினால் நாற்றம் நிற்குமா?

2025-இல் முதலமைச்சர் ஸ்டாலின் மதுரைக்கு வந்தபோது, சாக்கடை ஓடும் பந்தல்குடி வாய்க்கால் அவர் கண்ணில் படாமல் துணி கட்டி மறைத்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மீம் போட்டாச்சு, சிரிச்சாச்சு, அவரும் வாய்க்காலை நேரில் பார்த்துவிட்டுப் போயாச்சு. ஆனால் நேற்று ஒருவர், "விருந்தாளி வந்தா நம்ம வீட்டிலேயும் மறைக்கிறதில்லையா, இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்டிருந்தார். சரி, பேசுவோம்.

வைகை சுத்தமாக வேண்டும் என்றால் வைகைக்கு வரும் சாக்கடையை நிறுத்த வேண்டும். இதைச் சொல்ல நிபுணர் யாரும் வேண்டாம். பந்தல்குடி வாய்க்கால் செல்லூர் கண்மாயின் உபரி நீரை ஆற்றில் சேர்ப்பதற்காக உள்ளது. வருஷம் முழுக்க அதில் ஓடுவது என்ன என்று செல்லூர்க்காரர்களான எங்களுக்குத் தெரியும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை பெயர் வந்தது. அப்புறம் ஆற்றுக்கு என்ன கிடைத்தது? இரண்டு பக்கமும் சுவர், சுவரை ஒட்டி ரோடு. சித்திரைத் திருவிழா நெருங்கினால் ஆகாயத்தாமரையை அள்ளி, அணையைத் திறந்து அழகருக்குத் தண்ணீர் விடுவார்கள். அழகர் மலைக்குத் திரும்பியதும் மறுபடி சாக்கடை. செலவெல்லாம் கரைக்குத்தான்.

"ரோடு நல்லாத்தானே இருக்கு?" இருக்கு. நானும் அதில்தான் வேலைக்குப் போகிறேன்.

"ஜனங்கதானே குப்பை கொட்டுறாங்க?" இந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. கொட்டுகிறார்கள், தப்புதான். ஆனால் பாதாளச் சாக்கடை ஒழுங்காக இல்லாத தெருவில் இருப்பவன் குளித்த தண்ணீரைச் சட்டைப் பையிலா வைத்துக்கொள்வான்? சாக்கடையை நிறுத்துங்கள், அப்புறம் எங்களுக்குப் பாடம் எடுங்கள்.

"2017-இல் தண்ணி ஆவியாகாம இருக்கன்னு வைகை அணையில் தெர்மாகோல் விட்டப்ப எங்கே போனீங்க?" இங்கேதான் இருந்தேன், உங்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை விட்ட அமைச்சர் செல்லூர் ராஜூவின் பெயரில் எங்கள் ஊர் இருந்த பாவத்துக்கு, செல்லூர் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் இன்றைக்கும் சிரிக்கிறார்.

விருந்தாளி கதைக்கு வருகிறேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நாங்களும் ஜன்னலைச் சாத்தினோம். சாம்பிராணி போட்டோம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு கையில் கேசரித் தட்டு, மறு கையில் மூக்கை மூடிய கர்ச்சீப்போடு, "எப்படிம்மா இங்க இருக்கீங்க?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கவா என்று கேட்டார். அப்புறம் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் நம்பிக்கொண்டோம்.

நாங்கள் மறைத்தது, எங்கள் கையில் சாம்பிராணியைத் தவிர வேறு எதுவும் இல்லாததால். வாய்க்காலைச் சரிசெய்ய ஆளும் நிதியும் வைத்திருப்பவர்களும் மறைப்பார்களா? இதே வாய்க்கால் கே.கே. நகர் பெரிய வீடுகளின் வாசலில் ஓடியிருந்தால் இத்தனை வருஷம் விட்டுவைத்திருப்பார்களா?

இனி கட்சிச் சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். யார் ஆட்சியில் எங்கள் வாசலில் நாற்றம் குறைந்தது என்பதை மட்டும் வருஷத்தோடு எழுதுங்கள்.