பக்கெட்டுக்குள்ள பழமா இருக்கு?

"பச்சத் தண்ணி குடுக்காதீங்க, புள்ளைக்குச் சளி பிடிச்சிரும்." இதைச் சொன்ன அதே வாய்தான், கடை ஃப்ரிஜ்ஜில் இருந்து எடுத்த ஜூஸ் பக்கெட்டில் ஸ்ட்ரோவைக் குத்தி மூன்று வயசுப் பிள்ளைக்கு ஊட்டுகிறது. அதுவும் நுவரெலியாக் குளிரில்!

கேட்டால் "பழந்தானே" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. முன்பக்கத்து மாம்பழப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். 100 மில்லிலீட்டருக்கு எத்தனை கிராம் சீனி என்று பொடி எழுத்தில் இருக்கும். 2016இல் இருந்து நம் இலங்கையில் பானங்களுக்கு நிற அடையாளமும் உண்டு: 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. "சிவப்பு இல்லையே" என்று நிம்மதியாக வாங்குகிறார்கள். பத்தரை கிராமும் செம்மஞ்சள்தான் ஐயா! 200 மில்லி பக்கெட்டில் அது 21 கிராம், ஐந்து தேக்கரண்டிக்கு மேல். பிள்ளையின் தேத்தண்ணியில் ஐந்து கரண்டி சீனி போட்டால் அம்மாயி சும்மா விடுவாரா?

அடுத்து "நாங்க வீட்டிலதான் அடிக்கிறோம்" கூட்டம். ஒரு கிளாஸுக்கு மூன்று நான்கு தோடம்பழம் பிழிந்து, வடிகட்டி, சக்கையைக் கோழிக்குப் போடுகிறார்கள். நார்ச்சத்து கோழிக்கு, சீனி பிள்ளைக்கு. முழுசாகக் கொடுத்தால் ஒரு பழத்திலேயே பிள்ளை "போதும்" என்றிருக்கும். மெல்லாத சாறு பசியை அப்படி அடக்காது. பெஷன் ஃப்ரூட் என்றால் புளிக்கிறதே என்று மேலும் மூன்று கரண்டி. சாற்றில் தானாக இருக்கும் சீனியையும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சீனியோடுதான் எண்ணுகிறது.

டவுன் பிள்ளைக்கு இது சோற்றுக்கு மேல் கூடுதல் கலோரி, எடை ஏறுகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கோ தலைகீழ். பத்து மணிக்கு ஜூஸ், பன்னிரண்டுக்குப் பருப்புஞ் சோறும் வேண்டாம். 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் 32. இதற்குக் காரணம் ஜூஸ் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் புரதமும் கொழுப்பும் தேவைப்படுகிற அந்தச் சின்ன வயிற்றைச் சீனித் தண்ணீரால் நிரப்பிவிட்டு, கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் எடை பார்க்கும்போது "சாப்பிடவே மாட்டேங்குறான்" என்று புலம்பினால் எப்படி?

வயிற்றோட்டத்துக்கும் ஜூஸ் கொடுக்கிறார்களே, அதுதான் உச்சம். அவ்வளவு சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். கொடுக்க வேண்டியது ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ORS தூள்.

கொடுத்தே தீருவேன் என்றால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகடமி 2017இல் சொன்ன அளவைப் பிடியுங்கள்: ஒரு வயதுக்குள் சொட்டும் கூடாது, மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லி, ஆறு வரை 180, அதுவும் சீனி போடாத சாறு. கிளாஸில் மட்டும். பால் போத்தலில் ஊற்றிப் படுக்க வைத்தால் முன்பல் கறுத்துக் கரையும்.

வீட்டுக்கு வருகிற மாமாமாரே, மாமிமாரே, ஜூஸ் பக்கெட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு நாலு கொய்யாப்பழம் வாங்கி வாருங்கள். சின்னதுகளுக்கு விதையை எடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்கிக் கொடுக்கிறோம்.