குண்டே போடாத லங்காஸ்டர்

இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானப்படை வீரர் யாராவது தொண்ணூறு வயது தாண்டி இறந்தால், பிரிட்டனில் சில சமயம் அந்தக் காலத்து விமானம் ஒன்று இறுதிச் சடங்கின் மேல் தாழ்வாகப் பறந்து போகும். எதற்கு இந்தப் பகட்டு, வீண் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஜெட் விமானங்கள் செலுத்தும் அஞ்சலி வேறு மாதிரி. நாலு விமானங்கள் விரல் நுனிகளைப் போல அணிவகுத்து வரும். தலைக்கு மேலே வந்ததும் ஒன்று மட்டும் பிரிந்து செங்குத்தாக ஏறி மறைந்துவிடும். மற்ற மூன்றும் அந்த இடத்தை நிரப்பாமலே போகும். நெஞ்சை அடைக்கும் காட்சிதான். ஆனால் அந்தப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டருக்கு இந்த வித்தை தேவையில்லை. கட்டியது 7,377, இன்று பறக்கக்கூடியவை இரண்டே இரண்டு, ஒன்று இங்கிலாந்தில், மற்றது கனடாவில். அது தனியாக வருவதே போதும்.

ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர் போவார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள். பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் கல்லறையே இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சவப்பெட்டியும் இல்லை, சடங்கும் இல்லை. முதியவர் ஒருவருக்காக வரும் விமானம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உறுத்தலும் உண்டு. குண்டுவீச்சில் எரிந்த ஜெர்மன் நகரங்களான ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் அதே என்ஜின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது அஞ்சலி அல்ல. இங்கே ஒரு விசித்திரம்: பிரிட்டனிடம் இருக்கும் லங்காஸ்டர் 1945-இல் ஜப்பானுக்கு எதிரான போருக்காகக் கட்டப்பட்டது. அது கிளம்புவதற்குள் போர் முடிந்துவிட்டது. கனடாவில் இருப்பதும் போரில் குண்டு போட்டதில்லை. முதலில் இது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்புறம் யோசித்தால், கீழே பெட்டிக்குள் இருப்பவர் அப்படித் தப்பவில்லையே. அவர் போனார், போட்டார், திரும்பி வந்து எழுபது வருடத்துக்கு மேல் அதோடு வாழ்ந்தார். அந்தப் பாரம் மேலே போகும் விமானத்துக்குக் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: வரட்டும், ஆனால் ஒலிபெருக்கியில் வீர வசனமும் வெற்றி இசையும் வேண்டாம். நாலு மெர்லின் என்ஜின்களின் உறுமல் போதும்.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் பிரிட்டன் விமானப்படையின் நினைவுப் பறப்புப் பிரிவைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் என்ற அந்தக் காலத்துச் சண்டை விமானம் ஒன்று விழுந்து, ஓட்டியவர் இறந்துபோனார். இவை எல்லாம் வால் சக்கர விமானங்கள். பக்கக் காற்று கொஞ்சம் கூடினாலே இறக்குவது கஷ்டம். வானிலை சரியில்லை என்றால் ரத்து செய்துவிடுவார்கள். குடும்பத்தார் அண்ணாந்து பார்த்தபடி ஏமாந்து நிற்க நேரும். பரவாயில்லை. மோசமான வானிலையிலும் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் என்னவென்று இறந்தவருக்குத் தெரியும். தனக்காக இன்னொரு பையன் அப்படிக் கிளம்புவதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.