"எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி"

மொட்டைமாடிச் சூட்டைத் தடுக்கப் போடுற பலகை விஷயத்துல இந்த வார்த்தையை இனிமே யாராவது என் முன்னாடி சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். போன சித்திரையில இருந்து இந்தச் சித்திரை வரைக்கும் எங்க வீட்டுல பட்ட பாடு அத்தனையும் இதை நம்பினதால வந்ததுதான்.

காரைக்குடியை ஒட்டி ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். ஊர்ல பெரிய வீடு இருக்கு. ஆனா அது பங்காளிகளுக்குப் பொது, படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் எல்லாரும் கூடுறது. வயசான மாமியாரை வச்சுக்கிட்டு நிரந்தரமாக் குடியிருக்க நமக்குன்னு ஒரு வீடு வேணும்ல. ஒரே தளம், மூணு ரூம், மேல வெறும் மொட்டைமாடி.

முதல் கோடை வந்துச்சு. அயித்தைக்கு 78 வயசு. ராத்திரி பத்து மணிக்குத் தலகாணியையும் பாயையும் சுருட்டிக்கிட்டு வாசல் வராண்டாவுக்கு வந்துட்டாங்க. "மேல அடுப்பு எரியுதுடி"ன்னாங்க. நான் கட்டில்ல ஏறி நின்னு சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் போய் நாலு மணி நேரம் ஆகியும், இட்லிக் கொப்பரை மூடி மாதிரி சுட்டுச்சு. தம்பி மகன் வச்சிருந்த துப்பாக்கி தெர்மாமீட்டரைக் காட்டினா 41 டிகிரி.

நம்ம ஊரு பத்து டிகிரி அட்சரேகையில இருக்கு. சித்திரை பிறந்த முதல் வாரத்துலயும், திரும்ப ஆவணியிலயும் மத்தியானச் சூரியன் சரியா நம்ம உச்சந்தலைக்கு மேல நிக்கும். சுவரை விட மொட்டைமாடிதான் நாள் பூரா வெயில் வாங்குது. ஆறு அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடிச்சு வச்சுக்கிட்டு, நாம படுக்குற நேரத்துக்குக் கீழே கக்கும். ஏசி போட்டாலும் அந்தச் சூட்டோடதான் அது மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு.

எங்க வீட்டு பிளானை எடுத்துப் பார்த்தேன். பூஜை ரூம் கதவு எந்த மரம், கைப்பிடி எந்த டிசைன், அடுப்படி மேடைக்கு என்ன கல்லு, எல்லாம் எழுதியிருக்கு. தளத்துக்கு மேல என்ன வரும்னு ஒரு வரி இல்லை. லட்சம் லட்சமாச் செலவு பண்ற வீட்டுல, தலைக்கு மேல என்ன போடுறோம்ங்கிறதை யாருமே யோசிக்கலை.

சரி, சூட்டைத் தடுக்குற பலகை போடலாம்னு முடிவு பண்ணோம். சீலிங் போடுற ஆள் வந்தார். "உள்ளே தெர்மாகோல் ஒட்டி, கீழே ஜிப்சம் சீலிங் போட்டுடலாம் ஆச்சி, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்"னார். எந்தத் தெர்மாகோல், எத்தனை அடர்த்தின்னு கேட்டேன். சொன்னது அந்த மூணு வார்த்தைதான். எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி.

ஒண்ணு இல்லை! கொலுவுக்கு வெட்டி ஒட்டுற தெர்மாகோலும் கட்டடத்துக்குப் போடுறதும் பார்க்க ஒரே வெள்ளைதான். ஆனா கட்டடத்துக்குன்னு ஐ.எஸ். 4671ன்னு ஒரு இந்தியத் தரக் கணக்கே இருக்கு. அதுல இருக்குற ஆக லேசான ரகமே ஒரு கன மீட்டருக்கு 15 கிலோ. அதுக்கு மேல 20, 25, 30, 35னு போகும். இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. பில்லுல "தெர்மாகோல்"னு மட்டும் எழுதிக் குடுத்தார், நானும் வாங்கிக்கிட்டேன்.

அந்தக் கோடையில வேலை முடிஞ்சுது. சூடு கொஞ்சம் குறைஞ்சுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா ரூமோட ஒரு பக்கம் தேவலை, இன்னொரு பக்கம் அதே அடுப்பு. கார்த்திகை மழையில ஒரு மூலையில ஈரம் பூத்துச்சுன்னு சீலிங்கைப் பிரிச்சோம். பிரிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

சன்மைக்கா ஒட்டுற மஞ்சப் பசையை வச்சு ஒட்டியிருக்காங்க. அந்தப் பசையில இருக்குற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும். பசை பட்ட இடமெல்லாம் கறையான் அரிச்ச மாதிரி குழி குழியா ஓட்டை. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல விரல் நுழையிற சந்து. மின்விளக்குக்கு வெட்டின இடத்துல கையகலம் காலி. ஒயரெல்லாம் தெர்மாகோலோட ஒட்டிப் படுத்துக் கிடக்கு. வந்த எலக்ட்ரீஷியன் தம்பி அதைப் பார்த்துட்டுத் தலையில கை வச்சார். ஒயர் மேல இருக்குற பிவிசி தோல் தெர்மாகோலோட ஒட்டியே கிடந்தா, அதை இளக்கமா வச்சிருக்குற எண்ணெய் மாதிரிப் பொருளைத் தெர்மாகோல் இழுத்துக்கும், கொஞ்ச காலத்துல தோல் வெரைச்சு வெடிச்சுடும்னார். பைப்புக்குள்ளே விட்டிருக்கணும். பக்கத்துலயே சூடாகுற விளக்கு. தெர்மாகோல் தீப்பிடிச்சா கருகருன்னு புகை கக்கும். என் மாமியார் படுக்குற ரூமுக்கு மேல இதை ஒளிச்சு வச்சு ஜிப்சம் போட்டு மூடிட்டுப் போயிருக்காங்க.

ஒரு முழுப் பலகை மட்டும் உடையாமக் கிடைச்சுது. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் கனம். தெருமுனை மளிகைக்கடைக்கு எடுத்துட்டுப் போய்த் தராசுல வச்சேன். 250 கிராம். கணக்குப் போட்டா கன மீட்டருக்குப் பத்து கிலோ. ஆக லேசான கட்டடத் தரம்னாலே 375 கிராம் இருக்கணும். கொலுவுக்கு வெட்டி ஒட்டுற சாமானை எனக்குக் கட்டடச் சாமான் விலைக்கு வித்திருக்காங்க.

உள்ளே ஒட்டுறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. மேல் மாடி வேற ஆளோடதுன்னா வேற வழி கிடையாது. ஆனா தளம் நம்மளோடதா இருந்தா பலகையை மேலதான் போடணும். உள்ளே ஒட்டினா கான்கிரீட் வெயில்ல காயறது காயறதுதான். பகல்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி, கைப்பிடிச் சுவர் சேருற இடத்துல வெடிப்பு விட்டு, அதுல தண்ணி இறங்கும். எங்க மூலையில ஈரம் வந்தது அப்படித்தான்.

திரும்பவும் காசைத் தேத்தினோம். இந்தத் தடவை நானே படிச்சேன். மேல போடுறதுக்கு எக்ஸ்.பி.எஸ்.ங்கிற நுரைப் பலகை. தெர்மாகோல் மணி மணியா இருக்கும், இது ஒரே சீரா இறுகி இருக்கும், தண்ணி குடிக்காது, ஆள் நடந்தா நசுங்காது. ஆறு அங்குலக் கான்கிரீட் சூட்டைத் தடுக்குறதை விட இதோட ரெண்டு அங்குலம் பதினஞ்சு மடங்குக்கும் மேல தடுக்கும். வீடுகளுக்கான மின் சிக்கன விதின்னு அரசாங்கம் போட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா 2018ல, வீட்டுக் கூரையோட யூ மதிப்பு, அதாவது சூட்டைக் கடத்துற அளவு, 1.2க்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. வெறும் கான்கிரீட் தளம் மூணைத் தாண்டும். ரெண்டு அங்குலப் பலகையை ஒழுங்காப் போட்டா அரைக்குப் பக்கத்துல வந்துடும். கடையில இந்த மதிப்பைக் கேட்டா "அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு ஆச்சி"ன்னாங்க. வெயில் நம்ம ஊர்ல அடிக்குது, கணக்கு மட்டும் வெளிநாட்டோடதா?

பலகை வந்து இறங்குச்சு. மேஸ்திரி இன்னொரு வீட்டு வேலைக்குப் போயிட்டார். பலகை மூணு வாரம் மொட்டை வெயில்ல கிடந்துச்சு. போய்க் கையை வச்சுத் தேய்ச்சேன், மாவு மாதிரி உதிர்ந்து கையோட வருது. இந்தப் பலகை வெயிலைத் தாங்காது, போட்ட கையோட மூடணும், அதுவரைக்கும் நிழல்ல அடுக்கணும்னு படிச்சதைச் சொன்னா, "நாங்க இருபது வருசமா வேலை பாக்குறோம் ஆச்சி". மேல இருந்த பத்துப் பலகையைக் கழிச்சுட்டேன். அந்தக் காசும் என் தலையிலதான்.

அப்புறம் வேலை ஆரம்பிச்சாங்க. நான் மாடிப்படி ஏறிப் போறதுக்குள்ளே அரைத் தளத்துக்குப் பலகையைப் பரப்பிட்டாங்க. வாட்டம் எடுக்கலை, வாட்டர் ப்ரூஃபிங் பண்ணலை. "பலகை மேல ஷீட்டை வச்சு கேஸ் சுடர்ல ஒட்டிடுவோம்"னு ஒருத்தர் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு நிக்கிறார்! எண்பது டிகிரிக்குப் பக்கத்துலயே இளகிடுற பலகை மேல கேஸ் சுடரா? ஷீட் ஒட்டிடும், அதுக்குக் கீழே பலகை உருகிப் பள்ளம் விழுந்திருக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன். முதல்ல தண்ணி ஓடுறதுக்கு வாட்டம். அப்புறம் கான்கிரீட்டோட ஒட்டி வாட்டர் ப்ரூஃபிங். ரெண்டு நாள் தண்ணியைக் கட்டி நிறுத்திக் கீழே கசியுதான்னு பார்த்தது. அதுக்கப்புறம்தான் பலகை. பலகையைப் போடும்போது இன்னொரு கூத்து. சந்து விட்டு அடுக்கிட்டு, அந்தச் சந்துல சிமெண்டுக் கலவையை அள்ளி அடைச்சார் ஒருத்தர். கலவை பலகையை விட இருபது மடங்கு சூட்டைக் கடத்தும். வேலி போட்டுட்டு வேலிக்கு நடுவுல வழி விடுற வேலை இது. ஓரம் படி வெட்டின பலகை, ஒண்ணோட ஒண்ணு கவ்விப் பிடிக்கிறதுக்குன்னே அப்படி வருது. செங்கல் கட்டுற மாதிரி மூட்டு மாத்தி மாத்தி வச்சு நெருக்கி அடுக்கினாப் போதும். செங்கலுக்கு மூட்டு மாத்தத் தெரிஞ்ச கைக்கு இது தெரியாதா? தெரியும். யாரும் சொல்லிக் குடுக்கலை, யாரும் நின்னு பார்க்கலை. கோபம் கொத்தனார் மேல இல்லை எனக்கு. பலகையை வித்துட்டு, எப்படிப் போடணும்னு ஒரு தாள்கூடக் குடுக்காமப் போறவங்க மேலயும், தளத்துல கால் வைக்காமலே கையெழுத்துப் போடுற இன்ஜினியர் மேலயும்தான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இது எந்த ஊரு? எங்க பெரிய வீட்டுல தேக்கு உத்திரத்து மேல செங்கலைக் குத்தா அடுக்கி, அதுக்கு மேல சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு நாள் கணக்கா அடிச்சு இறுக்கி, அதுக்கு மேல தட்டோடு பதிச்சிருக்காங்க. சுவருக்குப் பூசின சுண்ணாம்புல கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும். சித்திரை மத்தியானத்துல பட்டாலைக் கூடத்துல படுத்தா விசிறி வேணாம். அந்தக் கொத்தனார் யாராவது "எல்லாச் சுண்ணாம்பும் ஒண்ணுதான்"னு சொல்லியிருப்பாரா? இன்னைக்கும் ஆத்தங்குடிக்குப் போங்க. கண்ணாடி மேல கலர் ஊத்தி டைல்ஸ் போடுறவர்கிட்ட மணலை மாத்திக் குடுத்துப் பாருங்க, கையில எடுத்ததுமே வேணாம்னு தள்ளிடுவார். யுனெஸ்கோ 2014ல நம்ம செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல சேர்த்தது இப்படிப்பட்ட கைகளாலதான். இத்தனை தெரிஞ்ச ஊர்ல, ஒரு பலகைக்கு என்ன எடைன்னு கேட்டா பதில் இல்லை.

பழைய மாதிரியே கட்ட நம்மால முடியாது, அது எனக்கும் தெரியும். தேக்குக்கு எங்கே போறது, அவ்வளவு உயரக் கூரைக்கு எங்கே போறது. கான்கிரீட்டுன்னு ஆகிப்போச்சு. அப்ப அந்தச் சுண்ணாம்புத் தளம் செஞ்ச வேலையை இந்த ரெண்டு அங்குலப் பலகைதான் செய்யணும். அதைப் போய்க் குப்பையா எடுத்து, குப்பை மாதிரிப் போட்டுட்டு, கடைசியில "இந்தப் பலகையெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராது"ன்னு பலகை மேல பழி போடுறதைக் கேட்டா ஆத்திரம் தாங்கலை.

பலகைக்கு மேல ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சு, கம்பி வலை வச்சுக் கான்கிரீட் பூச்சு, அதுக்கு மேல வெள்ளைக் கூலிங் டைல்ஸ். மாசி கடைசியில முடிஞ்சுது. போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அதே துப்பாக்கியைச் சீலிங்குல காட்டினேன். 34. அயித்தை வராண்டாவுக்கு வரலை, உள்ளேயே தூங்கிட்டாங்க. இதைச் செய்ய எனக்கு ரெண்டு தடவை காசும், ஒரு வருசமும் போச்சு.

நேத்துச் சாயங்காலம் எங்க தெருவுல மூணாவது மனையில ஒரு டெம்போ வந்து நின்னுச்சு. புதுசாக் கட்டுற தம்பி, வெளிநாட்டுல சம்பாதிச்ச காசு. வெள்ளைப் பலகையை இறக்கிக்கிட்டு இருக்காங்க. ஓடிப் போய், "தம்பி, எத்தனை அடர்த்தின்னு கேட்டீங்களா?"ன்னேன். அவர் வாயைத் திறக்குறதுக்குள்ளே டெம்போக்காரர் முந்திக்கிட்டார், "எல்லாம் ஒண்ணுதான் ஆச்சி". வீட்டுக்குள்ளே போய் அடுப்படித் தராசை எடுத்துட்டு வந்து, அவங்க கண்ணு முன்னாடியே ஒரு பலகையை வச்சேன். அதே நீளம், அதே அகலம், அதே கனம். 240 கிராம்.

இறக்கினதை எல்லாம் அந்தத் தம்பி திருப்பி ஏத்தச் சொல்லிட்டார்.