முதல் அடியை விழுங்கும் பெட்டிகள்

தாளத்தின் முதல் அடி, அதாவது சமம், தப்பினால் அது மேளமே இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோவில் வாசலில் முதல்முறை தப்பு மேளம் தூக்குகிற பொடியனுக்கும் இது தெரியும். அவன் முதல் அடியை விட்டால் பின்னால் நிற்கிற அண்ணன்கள் அங்கேயே நிறுத்திவிட்டு முறைப்பார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை போட்டு விற்கிற டிரம் சீக்வென்சர் மாட்யூலை, அதாவது மாடுலர் சிந்தசைசரில் ஸ்டெப் ஸ்டெப்பாக மேளச் சத்தத்தை அடிக்க வைக்கிற பெட்டியை, மட்டும் யாரும் முறைப்பதில்லை. ஸ்டார்ட் அழுத்தினால் முதல் அடியை விழுங்கிவிட்டு இரண்டாவது ஸ்டெப்பிலிருந்து கிளம்புகிறது. கேட்டால் "உங்க கிளாக்கைச் சரிபாருங்க" என்று ஒற்றை வரி பதில். எதைச் சரிபார்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது? அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

விஷயம் இதுதான். சீக்வென்சருக்கு இரண்டு கேபிள் போகிறது. ஒன்று கிளாக்: துடிப்புக்கு ஒரு ஸ்டெப் நகர வேண்டும். இன்னொன்று ரீசெட்: தலைக்குத் திரும்ப வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் வேகம் தருகிற மாஸ்டர் கிளாக்கில் ஸ்டார்ட் அழுத்தியதும் இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பி வருகின்றன. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் மாட்யூல்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், ரீசெட் வந்த கணமே முதல் ஸ்டெப்பில் போய் உட்காரும். கூடவே வருகிற கிளாக் அதை இரண்டாவதுக்குத் தள்ளிவிடும். முதல் அடி போச்சு. மற்ற ரகம், ரீசெட் வந்ததும் சும்மா காத்திருந்து அடுத்த கிளாக்கில்தான் முதல் ஸ்டெப்பை அடிக்கும். அதற்குக் கிளாக் முந்தி ரீசெட் பிந்தி வந்தால் மொத்தத் தாளமும் ஒரு ஸ்டெப் தாமதம். 120 வேகத்தில் (நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு நாலு ஸ்டெப்) ஒரு ஸ்டெப் என்பது 125 மில்லிசெகண்ட். காது செவிடானவனுக்கும் தெரியும்.

கொடுமை என்னவென்றால், இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். காத்திருக்கிற ரகத்துக்குக் கிளாக்கை 2, 3 மில்லிசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும். உடனே தாவுகிற ரகத்துக்கு ரீசெட்டைத் தாமதப்படுத்த வேண்டும். துடிப்பைக் கொஞ்சம் தாமதித்து அனுப்புகிற ட்ரிகர் டிலே மாட்யூல் ஒன்று இருந்தால் இரண்டுமே முடியும். ஆனால் உங்கள் பெட்டி எந்த ரகம் என்று கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? பக்கம் பக்கமாகப் படம் போடுகிறார்கள், இதை மட்டும் எழுத மாட்டார்கள். மாற்றிச் செய்தால் நோய் இன்னும் முற்றும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. முதல் ஸ்டெப்பில் கிக் (கனத்த பேஸ் டிரம்) மட்டும், இரண்டாவதில் ஸ்நேர் (சுள்ளென்று கேட்கிற டிரம்) மட்டும் போடுங்கள். மற்றதெல்லாம் காலி. கிளாக்கை 30க்கு இறக்குங்கள். ஒரு ஸ்டெப் அரை விநாடி ஆகிவிடும். பாதியில் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் அழுத்துங்கள். ஸ்நேர் முதலில் விழுந்தால் தாவுகிற ரகம். அரை விநாடி வெறுமையாகப் போய் அப்புறம் கிக் விழுந்தால் காத்திருக்கிற ரகம், கிளாக் முந்துகிறது. ஒரு நிமிட வேலை.

அடுத்தது துடிப்புக் கணக்கு. ஒரு அடிக்கு 4 துடிப்பு எதிர்பார்க்கிற சீக்வென்சர் உண்டு, 24 எதிர்பார்க்கிறதும் உண்டு. இசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற மிடியின் கிளாக் 24. கோர்க் கம்பெனியின் வோல்கா பெட்டிகளில் வேகம் இணைக்கிற சிங்க் துடிப்பு 2. 2, 4, 24 என்று எந்தத் துடிப்பாக இருந்தாலும் பேனலில் ஒரே 3.5 மில்லிமீட்டர் ஓட்டை, ஒரே கேபிள். 24 கேட்கிற மாட்யூலுக்கு 4 கொடுத்தால் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் ஊரும். 120 என்று வைத்தது 20 ஆகிவிடும். புதிதாக வாங்கின தம்பி, மாட்யூல் கெட்டுப்போச்சு என்று ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கெட்டது மாட்யூல் இல்லை, பேனல். ஓட்டைக்குப் பக்கத்தில் "24" என்று இரண்டு இலக்கம் அச்சடிக்க இடமில்லையாம், லோகோவுக்கு மட்டும் இடம் இருக்கிறது. கைப்பேசியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கிளாக் எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று: அங்கிருந்து வருவது ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். மாடுலர் எதிர்பார்ப்பது 5 வோல்ட். சில மாட்யூல் பார்க்கும், சில பார்க்காது, சில ஒன்று விட்டு ஒன்று பார்க்கும். நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் மாட்யூல் வைத்து ஏற்றுங்கள்.

இனி 16. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808இல் 16 பொத்தான் வரிசையாக இருந்தது. அதிலிருந்து உலகமே நாலு நாலாகத்தான் எண்ணும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடிக்கு மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்தில் ஓடுகிற தோட்டத்து மேளத்தை இதில் எங்கே வைப்பது? நீளத்தை 12 ஆக்கு என்பார்கள். சரி, ஆக்கினால் அடிக்கு மூன்று ஸ்டெப். ஆனால் கிளாக் இன்னும் அடிக்கு நான்கு துடிப்புதான் அனுப்புகிறது. 120 வைத்தால் மேளம் 160இல் பறக்கும். 120 வேண்டுமானால் கிளாக்கை 90க்கு இறக்க வேண்டும். பக்கத்தில் நாலாக எண்ணுகிற இன்னொரு சீக்வென்சர் இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும். 24 துடிப்பு கிளாக் இருந்தால் நாலாக எண்ணுகிறதுக்கு 6ஆல் வகு, திஸ்ரத்துக்கு 8ஆல் வகு. இரண்டும் ஒரே அடியில் நிற்கும். இதைத்தான் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

அடிக்கு ஏழாக எண்ணுகிற மிஸ்ரத்துக்கு இன்னும் மோசம். மிஸ்ர நடையில் நாலு அடி என்றால் 28 ஸ்டெப். 16க்குள் அடங்காது. 14, 14 என்று இரண்டு பேட்டர்னாக உடைத்துக் கோர்க்க வேண்டும். நீளம் மாற்ற வசதியே இல்லாத பெட்டியில் ஒரு டிராக்கை (ஒரு சத்தத்துக்கான வரிசையை) பலி கொடுங்கள்: காத்திருக்கிற ரகமாக இருந்தால் அந்த டிராக்கில் 14ஆவது ஸ்டெப்பிலும், தாவுகிற ரகமாக இருந்தால் 15ஆவதிலும் ஒரே ஒரு ட்ரிகர் (குட்டித் துடிப்பு) போட்டு, அதை அதே பெட்டியின் ரீசெட்டுக்குச் செருகுங்கள். ரீசெட்டுக்காகத் துடிப்பை வகுத்துத் தருகிற டிவைடரை நம்பிப் போனால் பலதில் 2, 4, 8, 16தான் இருக்கும். டோப்ஃபர் ஏ-160-2 போல 5, 7 வகுக்கிறவை தனியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உறுமியின் உறுமலை இதில் கொண்டுவரப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் வேறு. வளைந்த குச்சி தோலை உரசி இழுக்கும்போது சத்தம் குழைந்து ஏறுகிறதே, அது நீளமான சத்தம். டிரம் சீக்வென்சர் தருவதோ பெரும்பாலும் 5, 10 மில்லிசெகண்ட் ட்ரிகர். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைகிற என்வலப்பில், கேட் (நீண்டு நிற்கிற சிக்னல்) முடிந்ததும் விழுகிற ரகத்தில், அதைச் செருகினால் "டிக்" என்று ஒரு சுண்டல்தான் வரும். ட்ரிகரை 300 மில்லிசெகண்ட் கேட்டாக நீட்டுங்கள், அல்லது ட்ரிகர் பட்டதும் தானாக ஏறி இறங்குகிற என்வலப் எடுங்கள். ஏற்றம் 150, இறக்கம் 200 மில்லிசெகண்ட் அளவில் வைத்து, அதையே சத்தம் தருகிற சைன் ஆசிலேட்டரின் சுருதிக்கும் வால்யூமுக்கும் கொடுங்கள். சுருதிக்குக் கொஞ்சமாகத்தான், ஒரு ஐந்தாறு ஸ்வரம் ஏறினால் போதும். அதற்கு மேல் போனால் ஆம்புலன்ஸ்.

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். செருகும் ஓட்டையில் களிம்பு பிடித்து ஒரே ஒரு கிளாக் துடிப்பு விட்டுப்போனால் அந்த மாட்யூல் ஒரு ஸ்டெப் பிந்திவிடும்; அடுத்த ரீசெட் வரைக்கும் பிந்தியே ஓடும். அதனால் ஸ்டார்ட்டில் மட்டும் இல்லாமல், தாளச் சுற்று முடிகிற இடம் பார்த்தும் (16 ஸ்டெப் என்றால் 64 துடிப்புக்கு ஒருமுறை) எல்லாவற்றுக்கும் ரீசெட் அனுப்புங்கள். சாயங்கால இடிக்குக் கரண்ட் சிமிட்டினால் சேவ் பண்ணாத பேட்டர்ன் போனது போனதுதான். மாட்யூலுக்குக் கரண்ட் தருகிற ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். திருப்பிப் போட்டால், உள்ளே பாதுகாப்பு டயோடு இல்லாத மாட்யூல் புகைந்துவிடும்.

பழைய மாட்யூல் விற்கிற அண்ணன்மார்களே, பளபளவென்று படம் மட்டும் போடாதீர்கள். அடிக்கு எத்தனை துடிப்பு கேட்கும், ரீசெட் வந்தால் தாவுமா காத்திருக்குமா, 12க்கும் 14க்கும் நீளம் வைக்க முடியுமா. இந்த மூன்று வரியை எழுதிவிட்டு விலையைச் சொல்லுங்கள்.