சீலின் தலையில் ஒரு ஆண்டெனா

நேற்று நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். அண்டார்டிகா பக்கத்து யானைச் சீல் ஒன்று கரையில் படுத்திருக்கிறது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குட்டி ஆண்டெனா. கீழே, "வாயில்லா ஜீவனை ஏன்தான் இப்படிப் படுத்துகிறார்களோ!" என்று எழுதியிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் கருவி ரோமத்தின் மேல் பசை வைத்து ஒட்டப்பட்டது. சீல்கள் ஆண்டுக்கொரு முறை ரோமம் உதிர்க்கும். அப்போது கருவியும் சேர்ந்து விழுந்துவிடும். அதுவரை, சீல் முங்கும்போதெல்லாம் எந்த ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு உப்பு என்று அளந்துவைத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வரும்போது செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும். யானைச் சீல் ஆயிரம் மீட்டருக்குக் கீழேயும் சர்வசாதாரணமாகப் போய்வரும். குளிர்காலத்தில் கடல் உறைந்து கப்பல்கள் ஒதுங்கிவிட்ட பிறகும் அது தன் பாட்டுக்கு இரை தேடிக்கொண்டிருக்கும். அந்தக் குளிர்காலத் தண்ணீரைப் பற்றிய அளவீடுகளில் கணிசமான பங்கு இந்தத் தலைகளிலிருந்து வந்ததுதான். ஒட்டுவதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். சீலுக்கு இதில் சம்மதமா என்றால், யாரும் கேட்கவில்லை.

ஆனால் நண்பரின் கேள்வி தப்பு என்று சொல்ல மாட்டேன். துருவ உயிரிகளை ஆராயும் இந்தத் துறையின் பழைய கதையைப் பார்த்தால் அந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும்.

1925-இல் பிரிட்டன் தென்கடல் திமிங்கிலங்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. பணம் எங்கிருந்து? திமிங்கில எண்ணெய் மேல் போட்ட வரியிலிருந்து. தெற்கு ஜார்ஜியா தீவில், திமிங்கிலத்தை இழுத்துப் போட்டுத் தோலுரிக்கும் தளத்திலேயே உயிரியலாளர்கள் அளவு நாடாவோடு நின்றார்கள். திமிங்கிலம் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய, எண் பொறித்த எஃகுக் குழாயைத் துப்பாக்கியால் அதன் உடம்புக்குள் சுட்டார்கள். பிறகு எப்போதாவது யாராவது அந்தத் திமிங்கிலத்தைக் கொன்று, வெட்டும்போது குழாயைக் கண்டெடுத்துத் திருப்பி அனுப்பினால் சன்மானம். விலங்கு செத்தால்தான் விடை கிடைக்கும். உயிரோடு தப்பித்தால் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அது காணாமல் போனதாகக் கணக்கு.

கிரீன்லாந்து சுறாவின் வயதும் அப்படித்தான், செத்த விலங்கிலிருந்துதான் தெரியவந்தது. 2016-இல் வெளியான அந்த ஆய்வுக்கு வலைகளில் சிக்கிய 28 பெண் சுறாக்கள் பயன்பட்டன. கண் வில்லையின் நடுப்பகுதி, குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, அப்புறம் மாறுவதே இல்லை. வெங்காயம் உரிப்பதுபோல வில்லையை அடுக்கடுக்காக உரித்து, அந்த நடுத்துளியில் உள்ள கார்பனைக் கொண்டு வயதைக் கணித்தார்கள். ஐந்து மீட்டர் நீளச் சுறா ஒன்றுக்குக் கிடைத்த விடை 392, கூட்டியோ குறைத்தோ 120 ஆண்டு. செய்திகள் அந்த 120-ஐ வசதியாகத் தூக்கி எறிந்துவிட்டு "400 வயது சுறா" என்று கொட்டை எழுத்தில் போட்டன. எனக்கு அதில் இன்னும் எரிச்சல் உண்டு. குறைந்தபட்சக் கணக்கான 272 என்பதே வாயைப் பிளக்க வைக்கும் எண்தானே! இவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே சுமார் 150 ஆண்டு ஆகும் என்றும் அதே ஆய்வு சொன்னது. அதாவது இன்று வலையில் போகும் ஒரு பெண் சுறாவின் இடத்தை இன்னொன்று நிரப்ப எத்தனை தலைமுறை மனிதர்கள் காத்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பெங்குவின் பட்டை விவகாரம். ஆளடையாளம் தெரிய பெங்குவின்களின் துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை மாட்டுவது பல பத்தாண்டுப் பழக்கம். வளையல் மாதிரிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பட்டை மாட்டிய கிங் பெங்குவின்களையும் மாட்டாதவற்றையும் பத்தாண்டு ஒப்பிட்டுப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டை போட்டவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்திருந்தன. உயிர் பிழைப்பதும் 16 சதவீதம் குறைவு. நீந்தும்போது அந்தத் துக்கடாப் பட்டை தண்ணீரில் தடையாக நின்று பறவையைப் பின்னுக்கு இழுக்கிறது. இதில் பறவைக்கு நேர்ந்த கொடுமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பருவநிலை மாற்றத்தால் பெங்குவின்கள் எப்படிப் பாதிக்கப்படுகின்றன என்று பட்டையை நம்பிச் சேர்த்த தரவுகளிலெல்லாம் பட்டையின் பாதிப்பும் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரிப்பதுதான் தலைவலி.

என்னைக் கேட்டால், துருவ உயிரிகள் மேல் நடந்த ஆராய்ச்சிகளிலேயே மரியாதைக்குரியது இதுதான். புது விலங்கு எதையும் கண்டுபிடிக்கவில்லை. தன் துறையின் கையைத் தானே பிடித்துப் பார்த்திருக்கிறது. இப்படிப்பட்ட வேலைக்குக் காசும் கைத்தட்டலும் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு கருவியை விலங்கின் மேல் வைக்குமுன், அது விலங்கை என்ன செய்கிறது என்பதற்கும் அதே ஆய்வுப் பணத்திலிருந்து ஒரு பங்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்பேன்.

தொடாமலே பார்க்கும் வழிகளும் இப்போது வந்துவிட்டன. எம்பரர் பெங்குவின் கூட்டங்களை அவற்றின் எச்சக் கறையை வைத்து விண்வெளியிலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள். வெள்ளைப் பனியில் பழுப்புத் திட்டு. 2022-இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் இருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்குமுன்பே காலடியிலிருந்த பனி உடைந்துபோனதும் செயற்கைக்கோள் படங்களில்தான் தெரிந்தது.

2021-இல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் அதே அண்டார்டிகாவின் வெட்டல் கடலில் ஒரு கேமராவைக் கடலடித் தரைக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டு போனது. ஒரு வட்டக் குழி. பக்கத்தில் இன்னொன்று. மணிக்கணக்கில் குழிகள் முடியவே இல்லை. எல்லாம் பனிமீன்களின் கூடுகள். ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம், உள்ளே ஆயிரத்துக்கும் மேல் முட்டைகள், பலவற்றில் காவலுக்கு ஒரு மீன். ரத்தத்தில் சிவப்பணுவே இல்லாத, நிறமற்ற ரத்தம் ஓடும் மீன். மொத்தம் சுமார் 6 கோடிக் கூடுகள் இருக்கலாம் என்று கணித்தார்கள்.

அப்புறம், தலையில் கருவி ஒட்டிய வெட்டல் சீல்களின் பயணத் தடங்களை எடுத்து கூடுகளின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சீல்கள் பெரும்பாலும் முங்கியது அந்தக் கூடுகள் இருக்கும் பக்கம்தான். அவற்றுக்கு முன்பே தெரியும்.